கிளம்பிட்டேன் ஆசாமி

போனில் 'கிளம்பிட்டேன்' என்று சொன்ன பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஓர் இனம் இருக்கிறது. நம் ஆசாமிக்கு அலுவலகத்தில் அதுவே பட்டப்பெயர்.

அவர் பார்க்கும் வேலைதான் இதில் வேடிக்கை. ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள் வாடகைக்குக் குடியிருப்பது போலப் பல கற்பனைக் கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன அல்லவா? அவற்றுக்கு அஸ்திவாரமான கெர்னல் என்ற புரோகிராம், ரீஸ்டார்ட் ஆகச் சொன்னால் ஒழுங்காக அணைந்து எழுகிறதா என்று பார்த்துச் சரி செய்வது அவர் பொறுப்பு. அது லேசில் எழுந்துவிடுமா? 'இதோ ரீஸ்டார்ட் ஆகிறேன்' என்று திரையில் எழுதிவிட்டு, பழைய கம்ப்யூட்டர்களின் பழக்கத்தில் கீபோர்டைக் கவனிக்கும் சிப்பிடம் போய், என்னை எழுப்பிவிடு என்று கேட்டுக்கொண்டு நிற்கும். கற்பனைக் கம்ப்யூட்டரில் அந்தச் சிப்புக்கு எங்கே போவது? நின்றது நின்றபடிதான். ஆசாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"சொன்னா செய்யணும்! சொல்லிட்டு அங்கேயே நின்னா என்ன அர்த்தம்?"

அன்று மாலை அவர் மனைவி முதன்முதலாக நாடக மேடை ஏறுகிறாள். மூன்றே வசனம், உடனே சாவு. முதல் வரிசையில் இருப்பேன் என்று தலையிலடித்துச் சத்தியம் செய்திருந்தார். ஒப்பனை அறையிலிருந்து போன் வந்தது.

"எங்க இருக்கீங்க?"

"கிளம்பிட்டேன்மா."

"கீபோர்டு தட்டுற சத்தம் கேக்குதே?"

"இந்த கெர்னல் மட்டும் எந்திரிச்சிடட்டும். தானா எந்திரிக்காது போலிருக்கு. வெளியிலேர்ந்து ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கணும். அசையலையா, கரண்டைப் புடுங்கிடணும். வேற வழியே இல்ல."

"வேற வழியே இல்லையா?"

"இல்லவே இல்ல!"

போன் வைக்கப்பட்டது. சற்று நேரத்தில் மாடி முழுவதும் இருண்டது. கதவருகே டார்ச்சோடு வாட்ச்மேன் நின்றிருந்தார்.

"அம்மா போன் பண்ணாங்க சார். நீங்க கேட்டைத் தாண்டினப்புறம்தான் மெயினைப் போடணுமாம்."

ஓடினார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க அரங்கத்துக்குள் நுழைந்தபோது மேடையில் மனைவி செத்துக் கிடந்தாள். மூன்று வசனமும் போய்விட்டது. பாவம், மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. குனிந்தபடி முதல் வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். பிணம் ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

என்ன, சிரிக்கிறீர்களா? 'இதோ, செருப்பு மாட்டிட்டிருக்கேன்' என்று யாரிடமோ சொல்லிவிட்டுத்தானே இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று உங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் தெரியும்.