சன்னலை மறைத்த சிவப்பு ஸ்டூல்

திருமழிசை தொழிற்பேட்டையில் உழைப்பதற்காகப் பிறந்தவர்கள் எத்தனையோ பேர். உட்காருவதற்காகவே பிறந்த ஒரே மனிதர் எங்கள் ஸ்டூல் அண்ணாத்தே. அவருடைய சொந்தப் பெயர் ஆபீஸுக்கு மட்டும்தான் தெரியும்.

காட்டுப்பாக்கத்தில் பஸ் ஏறும்போதே கையில் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கும். எவ்வளவு கூட்டமானாலும் அதைப் போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்துவிடுவார்.

"இன்னாய்யா, ஊட்டையே தூக்கிகினு வரியா?" என்பார் கண்டக்டர்.

"ஊட்டத் தூக்கினா லக்கேஜ் கேப்ப நைனா. அதான் இத்தோட நிறுத்திகினேன்."

இது வெறும் கிறுக்கு இல்லை. காருக்கு வயர் கட்டும் எங்கள் லைனில் ஷிப்ட் முழுக்க நின்றே வேலை; உட்கார்ந்தால் மெமோ. சாயங்காலம் எங்கள் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாது. அண்ணாத்தே தினமும் ஸ்டூலோடு வருவார். செக்யூரிட்டி தினமும் அதைக் கேட்டில் பிடுங்கி வைப்பார். ஏன் இந்த வீம்பு என்று கேட்டேன்.

"என்னிக்காச்சும் ஒரு நாள் உள்ள உட்டுத்தானம்மா ஆவணும்?" என்றார்.

அந்த நாளும் வந்தது. எந்தச் சங்கத்தோடு கம்பெனி பேச வேண்டும் என்று ரகசிய ஓட்டெடுப்பு. எங்கள் சங்கம் ஜெயித்தால் லைனுக்கு ஸ்டூல் கேட்போம். நிர்வாகத்துக்கு வேண்டிய சங்கம் ஜெயித்தால் நின்றபடியே ரிட்டயராக வேண்டியதுதான். சங்கத்துக்கு ஒரு பார்வையாளர், எங்களுக்கு அண்ணாத்தே. நிர்வாகம் அவர்களுக்கு நாற்காலிகூடப் போடவில்லை. கேட்டில் தகராறு முற்ற, ஓட்டெடுப்பு அதிகாரி வந்தார். "எதுல உட்கார்ந்து பார்க்கணும்னு விதியில இல்லையே, விடுங்க" என்றார். ஸ்டூல் முதன்முறையாகக் கம்பெனிக்குள் நுழைந்தது.

கேன்டீனில் ஓட்டெடுப்பு. மேனேஜர்கள் உள்ளே வரக்கூடாது. எங்கள் மேனேஜர், ஓட்டுப் போடும் மறைப்புக்கு நேர் பின்னால், சன்னலுக்கு வெளியே நின்று போன் பேச ஆரம்பித்தார். போன் காதில், கண் எங்கள் ஓட்டுச் சீட்டில். வரிசையிலிருந்த சில பெண்கள் நைசாகக் கழன்றுகொண்டார்கள். நானும் பின்னால் நின்றவர்களை முன்னே விட்டேன்.

அண்ணாத்தே அதிகாரியிடம் முறையிட்டார். "வெளியே நிற்கிறவரை நான் ஒண்ணும் பண்ண முடியாதுப்பா" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

அண்ணாத்தே ஸ்டூலைச் சன்னலடியில் போட்டு ஏறி நின்றார். எங்கள் பக்கம் முதுகு, மேனேஜர் பக்கம் மூஞ்சி. அந்த உடம்புக்குச் சன்னலே சின்னது.

"யோவ், பார்வையாளர்னா பெட்டியப் பார்க்கணும்யா," என்றார் எதிர்ச் சங்கத்துப் பார்வையாளர்.

"பொட்டிய நீ பாத்துக்கோ மாமே. நான் பாக்க வேண்டியவரு இங்க கீறாரு."

"இறங்குய்யா கீழ," என்று பல்லைக் கடித்தார் மேனேஜர்.

"நீங்க பேசுங்க சார். நான் ஒட்டுக் கேக்கல. சும்மா பாத்துகினு கீறேன்."

மேனேஜர் போவதும் வருவதுமாக இருந்தார். எப்போது வந்தாலும் கம்பிக்கு இந்தப் பக்கம் அதே மூஞ்சி. கழன்றுபோன பெண்கள் ஒவ்வொருவராக வரிசைக்குத் திரும்பினார்கள். அந்த முதுகை நம்பி நானும் நிதானமாகக் குத்தினேன்.

உட்காருவதற்காகப் பிறந்த மனிதர் சாப்பாட்டுக்குக்கூட இறங்கவில்லை. கடைசி ஓட்டு விழும்வரை நின்றார். ஜெயித்தோம்.

சாயங்காலம் செருப்பைக் கையில் பிடித்தபடி பஸ் ஏறினார்; கால் அதற்குள் நுழையவில்லை. எழுந்து சீட் கொடுத்தேன்.

"நமக்கு சொந்த சீட்டு கீதும்மா," என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர், அடுத்த நிமிடம் தூங்கிவிட்டார். பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டூல் வழுக்கியது. காட்டுப்பாக்கம் வரும்வரை என் சீட்டிலிருந்து குனிந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.