முனியப்பனுக்கு ஒரு வாய் பிராந்தி

“மாப்ள, பிராந்தியில கோதுமை இருக்குமா?”

போனில் மாதேஸ்வரன் கேட்ட கேள்விக்கு மச்சினன் சந்திரமோகன் இன்னொரு கேள்வியைப் போட்டான்.

“மாமா, பக்கத்துல யாராச்சும் நின்னு மிரட்டறாங்களா?”

மிரட்டத்தான் செய்தார்கள். ஒரு பக்கம் டாக்டரம்மா, இன்னொரு பக்கம் முனியப்பன்.

அதியமான்கோட்டையில் உரக்கடை வைத்திருக்கும் மாதேஸ்வரனுக்குப் பூச்சிமருந்து டப்பாவைத் தொடுவதில் பயமில்லை. பரோட்டாவைக் கண்டால்தான் நடுக்கம். கோதுமையிலும் மைதாவிலும் இருக்கும் குளூட்டன் அவர் குடலுக்கு ஆகவே ஆகாது என்று தருமபுரி டாக்டரம்மா கண்டுபிடித்திருந்தார். தெரியாமல் ஒரு பிஸ்கட்டைத் தின்றாலும் வயிறு உப்பி, பேதியாகி, ஆள் படுத்துவிடுவார். அன்றிலிருந்து களி, சோறு, மறுபடியும் களி. கல்யாண வீட்டில் சந்தனம் நீட்டினால்கூட மைதா கலந்திருக்குமோ என்று முகர்ந்து பார்ப்பார்.

இந்த நேரம் பார்த்து ஏரியூர் பக்கம் குலதெய்வம் முனியப்பனுக்குப் பூசை வந்தது. அப்பா போன பிறகு வரும் முதல் பூசை. சாமிக்கு வைத்த பிராந்தியைக் குடும்பத் தலைவர் குடித்தாக வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அப்பா இருந்தவரை அதுதான் வழக்கம்.

அம்மா ஜானகியம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டார். “உங்கப்பாரு ஒரு வருசம் மஞ்சக்காமாலைன்னு குடிக்காம வந்தாரு. அந்த வருசமே நம்ம கெடேரிக் கன்னு செத்துப்போச்சு. நீ குடிக்கலீன்னா எது போவும்னு யோசிச்சுக்க.”

மாதேஸ்வரன் யோசித்தார். மகள் முகம் வந்து நின்றது. அதற்கு மேல் அவருக்குத் தூக்கமும் வரவில்லை, களியும் இறங்கவில்லை.

மறுநாள் சந்திரமோகன் கூப்பிட்டான்.

“ஒயின்ஷாப்ல விசாரிச்சிட்டேன் மாமா. பீருதான் தானியத்துலயாம், பிராந்தி திராட்சையிலயாம். ஆனா உள்ள என்னென்ன ஊத்தறாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்ங்கறான்.”

“அவ்வளவுதானே பேசுன?”

“எதுக்கும் இருக்கட்டும்னு, எங்க மாமா அதியமான்கோட்டை உரக்கடைக்காரரு, ஒடம்புக்கு ஆகாது, ஆனாலும் குடிச்சே ஆவோணும்ங்கறாருன்னு சொல்லி வெச்சிருக்கேன். கூட்டமா இருந்தது, எல்லாரும் பாவப்பட்டாங்க.”

சாயங்காலத்துக்குள் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. யூரியா வாங்க வந்தவர்கள், “விட்டுருங்கண்ணா, புள்ளகுட்டிக்காரரு” என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டில் மனைவி பானுமதி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“எத்தன நாளா நடக்குதுங்க?”

மாதேஸ்வரன் சாமி விஷயத்தை எடுத்துச் சொன்னார். பாதி நம்பினாள். மீதியை நம்ப டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“பிராந்தியத் திராட்சைல காய்ச்சி வடிக்கறாங்க. பொதுவா அதுல குளூட்டன் இருக்காது. வாசனை, ருசின்னு எதாவது சேத்திருந்தாத்தான் சந்தேகம்” என்றார் டாக்டரம்மா.

மாதேஸ்வரன் நிம்மதியாக மூச்சு விட ஆரம்பித்தார். அதை முடிக்க டாக்டரம்மா விடவில்லை.

“ஆனா கோதுமை இல்லங்கறதால அது நல்லதுன்னு ஆயிடாது. உங்க குடல் இன்னும் ஆறல. எந்தச் சாராயமும் அத எரிக்கும். கல்லீரலுக்கும் கெடுதல். சளிக்கு நல்லது, சத்துக்கு நல்லதுங்கறதெல்லாம் சும்மா பேச்சு.”

“ஒரே ஒரு வாய்ங்க டாக்டர்?”

“அந்த ஒரு வாய் எதுக்கு?”

முனியப்பன் பேரைச் சொல்ல வெட்கமாக இருந்தது. “சும்மா, ஆசைதானுங்க” என்றார்.

பானுமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா குடியை நிறுத்த ஆலோசனை சொல்பவரின் நம்பரை எழுதிக் கொடுத்தார். வரும்போது கோதுமை பயம் ஒன்றுதான் இருந்தது. திரும்பும்போது குடல், கல்லீரல், மானம் என்று கூடச் சேர்ந்திருந்தது.

கடைசியில் பானுமதியே ஒரு வழி சொன்னாள். “பாட்டில் மூடியில ஒரு மூடி. அதுக்கு மேல ஒரு சொட்டு போனாலும் நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிருவேன்.”

பூசையன்று உச்சி வெயிலில் அம்மாவும் மனைவியும் மகளும் வேலிக்கு வெளியே நின்றார்கள். மாதேஸ்வரன் உள்ளே போய், உருட்டி விழிக்கும் முனியப்பனுக்கு முன்னால் பாட்டிலை வைத்தார். பூசாரி வெங்கடாசலம் பாட்டிலைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். பிறகு சூடம் காட்டி அதைத் திருப்பிக் கொடுத்தார்.

திருகித் திறக்கும்போது மூடி நழுவி, சாமியின் காலடிப் புதருக்குள் உருண்டு போனது. அங்கே கையை விட்டுத் தேட யாருக்குத் துணிச்சல் வரும்? மாதேஸ்வரன் கண்ணை இறுக மூடிக்கொண்டு பாட்டிலையே வாயில் கவிழ்த்தார். கவிழ்த்த வேகத்தில் ஒரு வாய் மூன்று வாயாகி இறங்கியது. தொண்டையிலிருந்து தொப்புள் வரை தீப்பிடித்தது. இதோ வயிறு, இதோ கல்லீரல் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாவுக்குக் காத்திருந்தார்.

“குடிச்சிட்டியாடா?” என்று வேலிக்கு அப்பாலிருந்து அம்மா குரல் கேட்டது.

“குடிச்சிட்டேம்மா.”

மகளுக்கு இனி ஒன்றும் ஆகாது. கண்ணில் நீர் தளும்ப அவர் பூசாரி பக்கம் திரும்பினார்.

“சாமி ஏத்துக்கிட்டாருங்களா?”

வெங்கடாசலம் வேலிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சாமிக்கு எப்பவும் பானகந்தானுங்க தம்பி, வூட்ல உங்கம்மா வைவாங்கன்னு உங்கப்பாருதான் வருசா வருசம் இங்க வந்து குடிச்சிட்டுப் போவாரு.”