மாடு பார்க்க வந்த பயிற்சியாளர்

ப்ரெய்ரி ஃபோர்க், நெப்ராஸ்கா
டிசம்பர் 12, வியாழன்

என் மனைவியின் ஒரே தம்பியும், மூன்று வாரத்துக்கு முன்புவரை எங்கள் கல்லூரி ஃபுட்பால் அணியின் தாக்குதல் பயிற்சியாளருமாக இருந்த அன்புள்ள மச்சான் வெண்டலுக்கு, உன் அக்காள் புருஷன் லோரன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவது முறை, ஆகவே எழுதிவிட்டேன். நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் உனக்கு வடிவியல் வகுப்பு கொடுத்திருக்கிறார்களாமே, ரொம்ப சந்தோஷம். முக்கோணங்கள் போட்ட இடத்தில் கிடக்கும். நம் பையன்களைப் போல எதிர்ப்பக்கம் ஓடாது.

முதலில் ஒரு விஷயம். நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தேவாலய விருந்து முடிந்து எல்லோரும் காரைக் கிளப்பிக்கொண்டிருக்கும்போது, நீ இரண்டு கையிலும் உன் அக்காளின் கண்ணாடிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையில் உன்னை வேலையிலிருந்து நீக்கினேனே, அதை வேறு ஒரு நாளில், நீ வெறுங்கையோடு இருக்கும்போது செய்திருக்கலாம் என்று இப்போது படுகிறது. அதிர்ச்சியில் பாத்திரத்தோடேயே ஊரைவிட்டுப் போய்விட்டாய். உன் அக்காள் மார்லிஸ் அதைக் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, நாயிடம் கேட்டாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. "டியூக், உங்க அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. என் தம்பி வயித்துல அடிச்சவருக்கு பசிக்குமான்னு தெரியல, பசிச்சா போட்டுத் திங்கட்டும்" என்கிறாள். டியூக் என்னைப் பார்க்கிற பார்வையும் சரியில்லை.

நான் என்ன செய்வேன், சொல்லு? பதினோரு ஆட்டத்தில் பத்து தோல்வி. நாலு முறை முட்டி மோதியும் பத்து கெஜம் நகராத அணியை வைத்துக்கொண்டு, நெஞ்சில் நம் அணியின் சின்னமான கோழிப் படம் போட்ட சட்டையோடு மளிகைக் கடைக்குப் போகிற கஷ்டம் எனக்குத்தான் தெரியும். கடைசி ஆட்டத்தில் எல்லைக் கோட்டைத் தொட ஒரே ஒரு கெஜம் பாக்கி. பந்தைக் கட்டிக்கொண்டு ஒருவன் குப்புற விழுந்திருந்தால் போதும், ஜெயித்திருப்போம். நீ எறியச் சொன்னாய். நம் பந்தெறிகிற பையன் ட்ரே எறிந்தான், எதிராளி பிடித்தான், பிடித்தவன் மறுகோடிவரைக்கும் ஓடினான். மறுநாள் கல்லூரித் தலைவர் லுண்ட்பெர்க் அம்மா என்னைக் கூப்பிட்டு, "கோச், ஒண்ணு தாக்குதலுக்கு நல்ல ஆளாப் பிடிங்க, இல்லேன்னா நாங்க தலைமைக்கே வேற ஆள் பாக்கறோம்" என்று சொல்லிவிட்டார். பதினாறு வருஷம் இருந்த வேலை, கல்லூரி கொடுத்த வீடு, இரண்டும் உன் நாற்காலியில் யார் உட்காருகிறான் என்பதில் வந்து நின்றது.

டெக்சாஸில் கிரேடி ஹார்ஸ்ட்மன் என்று ஒரு கெட்டிக்காரன் கிடைத்தான். வரச் சொன்னேன். ஆனால் நம் ஊர் உனக்குத் தெரியாததா? பெட்ரோல் கடைக் காப்பி மேஜையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ரோஸ்கோ தலைமையில் ஆறு பேர் உட்கார்ந்து, எந்த விமானம் எங்கே கிளம்புகிறது, எங்கே இறங்குகிறது என்று நாள் முழுக்கக் கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நம் ஓடுதளத்தில் ஒரு சின்ன விமானம் இறங்கினால் போதும், புதுப் பயிற்சியாளர் வந்தாச்சு என்று ஊரெல்லாம் தண்டோரா. அதனால்தான் நான் ரொம்ப சாமர்த்தியமாக, "விமானமே வேண்டாம், காரில் வா, யாருக்கும் தெரியக் கூடாது" என்று கிரேடியிடம் சொன்னேன். பதினொரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தான், பாவம்.

அவன் வந்த செவ்வாய்க்கிழமை, அதே மதியம், நம் ஸ்கோர்போர்டை நன்கொடையாகக் கொடுத்த வெர்லின் டோஸ்டலின் விமானம் வந்து இறங்கித் தொலைத்தது. வெர்லின் தன் மாட்டுப் பண்ணையில் தொழுவத்தை மாற்றிக் கட்டப் போகிறான். அதற்கு யோசனை சொல்ல ஆரின் ட்வெட் என்று ஒரு நிபுணரை டகோட்டாவிலிருந்து கூட்டி வந்திருக்கிறான். இவர்கள் கதவைத் திறந்தால் கீழே பேண்டு வாத்தியம், ஆட்டக்காரிகள், கோழி வேஷக்காரன், "வருக வருக எங்கள் புதுத் தாக்குதல் பயிற்சியாளரே" என்று படுக்கை விரிப்பில் எழுதிய பதாகை, அத்தனையும் பனியில் நிற்கிறது. நான் பின்னால் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் கை மீறிவிட்டது.

"நான் மாடு பாக்க வந்தேங்க" என்றார் ஆரின்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ரோஸ்கோ என் விலாவில் இடித்தார். "பாத்தியா லோரன்? என்னமா மறைக்கிறான்! மாடாம்ல!"

"உண்மையிலேயே மாடுதான்யா. என் பண்ணைக்கு வந்தவரு" என்று வெர்லின் கத்தினான்.

"நீ அப்படித்தான்யா சொல்லுவ. விமானம் உன்னது, ரகசியமும் உன்னது" என்றார் ரோஸ்கோ.

மச்சான், இந்தத் தொழிலில் இருபது வருஷம் இருந்தவன் நீ. நம்மவர்களில் எவனாவது வேலை மாறப் போகிறேன் என்று உண்மையைச் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? "இருக்கிற இடத்தில் சந்தோஷமாக இருக்கிறேன், எங்கும் போவதாக இல்லை" என்று காலையில் சத்தியம் பண்ணுவான், சாயங்காலம் புது ஊர்த் தொப்பியைப் போட்டுக்கொண்டு படத்துக்குச் சிரிப்பான். மறுத்தால் வருகிறான் என்று அர்த்தம், வாயே திறக்காவிட்டால் பேரம் நடக்கிறது என்று அர்த்தம். இது இந்த ஊர்ப் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பாவம், ஆரினுக்குத் தெரியவில்லை. அவர் மறுக்க மறுக்க ஜனங்களுக்கு உற்சாகம் ஏறுகிறது. கடைசியில் சட்டைப் பையிலிருந்து தன் அட்டையை எடுத்துக் கொடுத்தார். கால்நடைத் தொழுவ வடிவமைப்பு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ரோஸ்கோ மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு, "அட்டை வேற அடிச்சு வச்சிருக்கான்யா! இவ்வளவு முன்னேற்பாடு உள்ளவன் ஆட்டத்துக்கு எவ்வளவு திட்டம் போடுவான்!" என்றார். அவ்வளவுதான், ஆரினைத் தோளில் தூக்கிவிட்டார்கள். ஆறடி மூன்றங்குல மனிதர். கோழி வேஷக்காரன் ஒரு காலைப் பிடித்துக்கொண்டான்.

சரியாக அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் கிரேடி வந்துகொண்டிருந்தான். ஓடுதளம் ரோட்டோரம்தானே. பதாகையைப் பார்த்தான், தோளில் இருந்தவரைப் பார்த்தான், வண்டியைத் திருப்பிவிட்டான். "கோச், ஆள் எடுத்தாச்சுன்னா ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்று மட்டும் செய்தி அனுப்பினான். நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

லுண்ட்பெர்க் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, அவர் நிஜமாகவே மாட்டுக்காரர்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். அடுத்த பருவத்து டிக்கெட் வாங்க வாசல்வரைக்கும் வரிசை. "கோச், அவர் யாரா இருந்தா எனக்கென்ன? ரெண்டு வருஷத்துல இந்த ஊர் இன்னைக்குத்தான் கை தட்டியிருக்கு. உங்க கோழிகளைப் பாத்து இவங்க கடைசியா எப்ப கை தட்டினாங்கன்னு சொல்லுங்க. போய் கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றார்.

வேறு வழியில்லாமல் ஆரினை என் அறைக்குக் கூட்டிப் போய், ஒரு கிண்ணம் சில்லி இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோலும் வைத்து, நம் கடைசி ஆட்டத்தின் படத்தைப் போட்டேன். ரோலைச் சில்லியில் தோய்த்துத் தோய்த்துத் தின்றுகொண்டே மனிதர் பார்த்தார். ஆட்டத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அந்த ஒரு கெஜம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"பந்து வச்சிருக்கற பையன் முன்னாடி பாக்காம பக்கத்துல எங்கேயோ பாக்கறானே, அங்க யாரு நிக்கறாங்க?"

"நான்தான்."

"கத்தறீங்களா?"

"உற்சாகப்படுத்தறேன்."

அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். "மாடு சத்தம் வர்ற பக்கம் திரும்பிப் பாக்குங்க. பாத்தா நின்னுடும், நின்னா பின்னால வர்றது மேல வந்து முட்டும். பண்ணைல நாங்க வழியை மாத்தறதுக்கு முன்னாடி ஒரு காரியம் செய்வோம். கத்தறவனை வெளிய அனுப்பிடுவோம்."

இந்த ஆளுக்கு ஃபுட்பால் தெரியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இருந்தாலும் அவர் போன பிறகு அந்த இடத்தை மட்டும் பதினாலு முறை போட்டுப் பார்த்தேன். நம் ஆட்கள் இருவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக, சும்மா, கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ட்ரே அவர்களைப் பார்க்கவே இல்லை. முகமெல்லாம் வெளுத்து என்னைப் பார்க்கிறான். நீ சொன்ன ஆட்டம் சரியான ஆட்டம், வெண்டல். எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. இதை நான் எழுதியதாக யாரிடமும் சொல்லாதே, மார்லிஸிடம் வேண்டுமானால் சொல்.

போகட்டும், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆரின் வரவே மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுவிடுவார். லுண்ட்பெர்க் அம்மாவும் இன்று காலை, "கோச் லோரன் மீது கல்லூரிக்கு முழு நம்பிக்கை உண்டு" என்று பத்திரிகைக்கே அறிக்கை கொடுத்துவிட்டார். வெட்டி எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். எனவே பழைய இடத்துக்கே திரும்பி வரலாமா என்று நீ ஏதாவது யோசித்துக்கொண்டிருந்தால், வீண் சிரமம் வேண்டாம்.

உன் மனைவி ரோண்டாவுக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உங்கள் எல்லோரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது பாத்திரத்தை மறக்காமல் கொண்டு வா.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அத்தான்,
லோரன் குபிசெக்
தலைமைப் பயிற்சியாளர்

பின்குறிப்பு (சனிக்கிழமை): வீட்டில் தபால்தலை தீர்ந்துபோனதால் கடிதம் மேஜையிலேயே கிடந்தது, அதுவும் நல்லதுதான். ஆரின் நேற்று டகோட்டாவுக்கே போய்விட்டார். மனிதர் மாட்டேன் என்றால் நிஜமாகவே மாட்டேன்தான், அப்படியும் உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். நேற்று காலை ஒன்பது மணிக்கு வெர்லினின் விமானம் உன் ஊரில் இறங்கி நாற்பது நிமிஷம் நின்றதாக ரோஸ்கோ கைபேசியைக் காட்டினார். உன் ஊரில் இருப்பது நீயும் ஓர் உருளைக்கிழங்குக் கிடங்கும், வெர்லின் உருளைக்கிழங்கு தின்பதில்லை. "நான் வடிவியல் நடத்திக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறேன், எந்தக் கல்லூரிக்கும் தலைமைப் பயிற்சியாளராகப் போகிற எண்ணமே இல்லை" என்று நீ சொன்னதாக இன்றைய பத்திரிகையில் போட்டிருக்கிறது. வாழ்த்துகள், மச்சான். இங்கே காலையிலிருந்து நீ ஆசையாகத் தின்கிற ருபார்ப் பை, அந்த இனிப்புப் பலகாரம், அடுப்பில் வேகிறது. மார்லிஸ் மூன்று வாரத்துக்குப் பிறகு நேராக என் முகத்தைப் பார்த்து, "ஏங்க, அந்த நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டுப் போங்க, தலைவரம்மா கூப்பிடறாங்க" என்றாள், குரலில் அவ்வளவு இரக்கம். முழு நம்பிக்கை என்று பத்திரிகையில் போட்டால் மூட்டையைக் கட்டு என்று அர்த்தம். அக்டோபரில் உன்னைப் பற்றி அதே வார்த்தையைச் சொன்னவனே நான்தான், எனக்கு வந்தபோது புரியவில்லை. உன் பழைய நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறது. கத்தாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், டியூக் சாட்சி. மற்றபடி, அந்த வேலையில் எனக்குத் துளியும் விருப்பம் இல்லை என்று காப்பி மேஜையில் இன்று காலை மூன்று முறை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.