மாமாவின் காருக்குப் பல் விளக்கிய கதை

மெக்கானிக்கல் எஞ்சினியரிங்கில் நான் முதல் வகுப்பு. எஞ்சினைப் படமாக வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருகிப் பார்த்ததில்லை. இந்த உண்மையைப் புகுந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. கல்யாணமாகி நான்கு மாதம். மாமனாருக்கு விருதுநகரில் வத்தல் மண்டி. அவருடைய காரில் திடீரென்று ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. மறுநாள் நாத்தனார் செல்வியைச் சிவகாசிக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே கோயிலில் வைத்து மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்க்க ஏற்பாடு.

"எஞ்சினியர் மருமகளை வீட்ல வச்சுக்கிட்டு மெக்கானிக்கைத் தேடணுமாக்கும்?" என்றார் மாமா. (அது கேலி என்று எனக்கு விளங்க ஒரு நாள் ஆனது.)

அவர் ஸ்கூட்டரில் மண்டிக்குப் போனதும் கார் பானெட்டைத் திறந்தேன். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில், அந்தக் காற்றை அளக்க ஒரு சென்சார் உண்டு. தூசு படிந்தால் விளக்கு எரியும் என்று படித்திருந்தேன். (படித்தது சரிதான். கைதான் கோளாறு.) கொல்லைத் தண்ணீர்க் குழாயடியில் கிடந்த பழைய பச்சை டூத்பிரஷ்ஷைப் பெட்ரோலில் முக்கி, சென்சாருக்கு நன்றாகப் பல் விளக்கிவிட்டேன். 'டிக்' என்றது. நகத்தளவு பிளாஸ்டிக் உடைந்து குழாய்க்குள் விழுந்தது. டார்ச் அடித்துத் தேடினேன், காணவில்லை. இவ்வளவு பெரிய எஞ்சின் இத்துனூண்டைச் செரிக்காதா என்று மூடிவிட்டு, பிரஷ்ஷை எடுத்த இடத்திலேயே போட்டேன். ஓட்டிப் பார்த்திருக்கலாம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

மறுநாள் சிவகாசி போகும் வழியில் ஆனைக்குட்டம் பக்கம் கார் இரண்டு முறை விக்கியது, மூன்றாவதில் நின்றுவிட்டது. பட்டாசுக் கம்பெனி வேன்கள் கடந்து போக, உள்ளே இருந்தவர்கள் பட்டுச்சேலையில் நின்ற எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

"சகுனமே சரியில்ல. திரும்பிருவோம்" என்றார் அத்தை.

செல்விக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மாப்பிள்ளைக்குக் காலண்டர் அச்சகம். போட்டோவில் விறைப்பாக இருந்தார். "இவரு சிரிக்கவே மாட்டாரு போல மதினி" என்று முதல் நாளே மூக்கைச் சிந்தியிருந்தாள். சம்பந்தம் என்னால் முறியப் போகிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் பானெட் பக்கம் திரும்பாமல் அத்தைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மாமா போனில் தகவல் சொன்ன அரை மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினார் ஒருவர். மாப்பிள்ளையேதான்! வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக் குழாயைக் கழற்றி, இடுக்கியை விட்டுத் துழாவி, அந்தத் துண்டை வெளியே எடுத்தார். அதில் பச்சையாக இரண்டு பிரஷ் முடி ஒட்டியிருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "பழைய பிளாஸ்டிக்கு, அதான் உளுத்துப் போச்சு" என்றார், புண்ணியவான்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தார். "பிளாஸ்டிக்கு உளுத்தா முடி மொளைக்குமாய்யா?" சற்று யோசித்தார். "ஏம்மா, இது என் பிரஷ்ஷுல்லா! அதான் காலைல இருந்து வாயெல்லாம் பெட்ரோல் வாடையா?"

"பழசுன்னு நெனச்சேன் மாமா..."

"ஆறு மாசந்தான் ஆகுது!"

காருக்குள்ளிருந்து கிளுக்கென்று ஒரு சிரிப்பு. செல்வி. அதைக் கேட்டதும் மாப்பிள்ளையும் விழுந்து விழுந்து சிரித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது அப்போதுதான். எனக்கு மட்டும் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"சென்சார் வயரைப் பிடுங்கி விட்டுருக்கேன். அது இல்லாமலும் வண்டி நகரும். மெதுவா வாங்க, முன்னாடி போறேன்" என்றார் மாப்பிள்ளை. மாட்டுவண்டி வேகத்தில் கோயில் போய்ச் சேர்ந்தோம். அங்கே பேச ஒன்றும் மிச்சமில்லை, தேதிதான் குறித்தார்கள்.

இப்போது அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டில் சண்டை வந்தால் முதல் போன் எனக்குத்தான்.

"மதினி, நீங்க பாட்டுக்கு அன்னைக்கு அந்தச் சென்சாரைச் சும்மா விட்டுருக்கலாம்ல?"

பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்கும்: "நானாவது அந்தத் துண்டைக் கண்டுபிடிக்காம இருந்திருக்கணும்!"