எட்டு பிரீஆம்ப்களும் இரண்டு காதுகளும்

அன்பும் மரியாதையும் குறையாத மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கை நலம், நானும் நலம். ஸ்டூடியோ மட்டும் உங்கள் ஆலோசனைப்படி நடந்துகொண்டிருக்கிறது. அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், நான் சொல்ல வந்ததை மறந்துவிட்டு உங்களுக்கு நன்றி சொல்லி வைத்துவிடுவேன். இந்தத் தடவை அது நடக்கக்கூடாது.

போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது கன்ட்ரோல் ரூம் சோபாவில் சாய்ந்துகொண்டு, உங்கள் தங்கை ஒலிப்புத்தகத்துக்காக வாசித்த நாவலின் மூன்றாம் அத்தியாயத்தைக் கேட்டீர்கள். கேட்டுவிட்டு, "என்ன மாப்ள, தங்கச்சி 'ச' சொல்ற இடத்துலல்லாம் குக்கர் விசில் அடிக்குதே" என்றீர்கள். எனக்கு ஒரு விசிலும் கேட்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி மந்தமாக இருக்கிறதே என்றுதான் நான் நாளுக்கு நாள், கூரான சத்தத்தை ஏற்றுகிற ட்ரெபிள் குமிழை வலப்பக்கம் திருகிக்கொண்டிருந்தேன். நீங்கள் உங்கள் தங்கையைப் பார்த்தீர்கள். அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் இந்தப் பழைய பிரீஆம்ப் பண்ற வேலை மாப்ள. இருபத்திரண்டு வருஷம் ஆச்சுல்ல? புதுசு போடுங்க. போட்டதுக்கப்புறம் ட்ரெபிள் பக்கமே போக வேணாம்" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். மைக்கில் விழுகிற எறும்பளவு சத்தத்தை ஆளளவுக்குப் பெருக்கிக் கன்சோல் என்கிற ஒலிக்கலவை மேஜைக்குள் அனுப்புகிற முதல் வாசல் இந்தப் பிரீஆம்ப்தான். டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் ஒயரோடு குடித்தனம் நடத்திய நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். அடுத்த வாரமே எட்டு புது பிரீஆம்ப் போர்டுகள் உங்கள் அன்பளிப்பாகப் பார்சலில் வந்து இறங்கின. இத்தனை வருஷத்தில் ஒரு பேனாகூட வாங்கித் தராத மனிதர் இதை ஏன் அனுப்புகிறார் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு இங்கே ஒரே ஆள் 'ஈயம்'தான். சால்டரிங் புகையிலேயே தலை நரைத்த மனுஷன். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். வந்தார், கன்சோலின் முகத்தைக் கழற்றினார், குடலை உருவித் தரை முழுக்கப் பரப்பினார். மூன்று நாள் ஸ்டூடியோவுக்குள் நான் நுனிக்காலில் நடந்தேன். கழற்றிய திருகாணிகளைப் போட்டுவைக்க டப்பா கிடைக்காமல் ஒரு காபி கப்பில் போட்டுவைத்திருக்கிறார். உங்கள் தங்கை பார்க்காமல் அதிலேயே காபியை ஊற்றி எனக்குக் கொடுத்துவிட்டாள். நல்லவேளை, நான் அடிவரைக்கும் குடிக்கிற பழக்கம் இல்லாதவன். மூன்றாம் நாள் மதியம் கன்சோலை மூடிவிட்டு, கையைத் துடைத்தபடி ஏதோ விளக்கம் சொன்னார். எனக்கிருந்த அவசரத்தில் தலையை ஆட்டி, தோளில் தட்டி அனுப்பிவைத்தேன்.

மறுநாள் நான்காம் அத்தியாயம். பதிப்பக ஆசிரியர் அம்மாளும் வந்திருந்தார். அந்த அத்தியாயத்தில் ஒரு பக்கத்தைத் திருத்தியிருக்கிறாராம், மைக் அறைக்குள் உங்கள் தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்து, தானும் ஒரு ஹெட்போன் மாட்டிச் சரிபார்க்க வேண்டுமாம். நீங்கள் சொன்னபடி ட்ரெபிள் குமிழை நடுவில் நிறுத்தி, ஹெட்போனை மாட்டினேன். மச்சான், என்னவென்று சொல்வேன்! கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தெருவைப் பார்ப்பது போல் இருந்தது. அம்மாளின் வளையல் கேட்டது. கழற்றச் சொன்னேன். உங்கள் தங்கையின் நாற்காலி முனகியது. நின்றுகொண்டே வாசிக்கச் சொன்னேன். பட்டுப்புடவை சரசரத்தது. நூல் புடவை கட்டி வரச் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் பல் டாக்டரின் டிரில் கேட்டது. அவரிடம் போய், எங்கள் அத்தியாயம் முடியும்வரை யாருடைய பல்லையும் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவரும் நல்லவர், வாயைத் திறந்தபடி இருந்த ஒருவரை அப்படியே நிறுத்திவைத்தார். கடைசியில் உங்கள் தங்கையின் வயிறு இரைந்தது. காலையிலிருந்து பதினொரு தடவை நிறுத்தி நிறுத்தி வாசிக்க வைத்தால் வயிறு பேசாமல் என்ன செய்யும்? அதையும் நிறுத்தச் சொன்னேன். அவள் கண்ணாடி வழியாகப் பார்த்த பார்வையைப் பெருக்க எந்தப் பிரீஆம்ப்பும் தேவையில்லை.

இதுவரைக்கும் நடந்ததைச் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனி எழுதுவதுதான் கஷ்டம்.

கீழே விழுந்த பென்சிலை எடுக்க மேஜைக்கு அடியில் குனிந்தேன். ஹெட்போன் காதிலேயே இருந்தது, மைக்கும் திறந்தே இருந்தது. நான் வெளியே போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

"இப்பத்தாம்மா சத்தம் காதைக் குத்தாம இருக்கு. சார் எதை மாத்தினாரு?" என்று அம்மாள் கேட்டார்.

"அவரு காதை மாத்த முடியாதே, அதான் பிரீஆம்ப்பை மாத்திட்டோம்" என்றாள் உங்கள் தங்கை. "கொஞ்ச நாளாவே அவருக்குக் கூரான சத்தமெல்லாம் கேக்கறதில்லீங்க. தனக்குக் கேக்கணும்னு ட்ரெபிளை ஏத்துவாரு, கேக்கறவங்களுக்குக் காது கிழியும். காதுல குறைன்னு சொன்னா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாரு. எங்க அண்ணன்தான், புதுசு மாட்டியாச்சுன்னு நம்பிட்டா குமிழைத் தொடமாட்டாருன்னு வழி சொன்னாரு."

"பாவம்" என்றார் அம்மாள்.

அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அது முன்னும் பின்னும் மூச்சோடு, அச்சு அசலாகக் கேட்டது. அவ்வளவு துல்லியம். முப்பத்தோரு வருஷமாக இந்தக் காதை நம்பித்தான் ஊரார் தங்கள் குரலை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மேஜைக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன். பென்சில் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது, எடுக்கத்தான் தோன்றவில்லை. பிறகு எழுந்து, "சவுண்ட் ரொம்ப கிளியரா இருக்கு, போகலாமா?" என்றேன். அத்தியாயம் முடிந்தது. அன்றைக்கு வேறு எந்தச் சத்தத்துக்கும் நான் நிறுத்தவில்லை.

சாயங்காலம் கேபிளைச் சுருட்டிக்கொண்டே உங்கள் தங்கையிடம் கேட்டேன்: "எத்தனை நாளா தெரியும்?"

அவள் எதையும் மறைக்கவில்லை. "ரெண்டு வருஷமா."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேங்க. உங்களுக்குக் கேக்கல."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவள் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கேபிளை அவிழ்த்துவிட்டு மறுபடியும் சுருட்டினேன்.

ஆகவே, மச்சான், நான் எடுத்திருக்கும் முடிவுகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு மனிதனின் மனசு நோகாமல் இருக்க எட்டு போர்டு அனுப்பியவரை எப்படிக் கோபிப்பது? ஆனால் எனக்குக் கேட்கக்கூடாததை எல்லாம் கேட்கவைக்கும் அந்தப் போர்டுகள் இனி இங்கே வேண்டாம். ஈயத்தை வரச்சொல்லியிருக்கிறேன்; பழையதை மாட்டிவிட்டு உங்களுடையதைத் திருப்பி அனுப்புகிறேன். திங்கட்கிழமை காது டாக்டரைப் பார்க்கப் போகிறேன். இன்றிலிருந்து ட்ரெபிள் குமிழ் உங்கள் தங்கை கையில். அவள் எங்கே நிறுத்துகிறாளோ அதுதான் எனக்கும் சரி.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசிகள், நல்ல குரலும் நல்ல செவியும் நீடிக்கட்டும். உங்கள் முழங்கால் சீக்கிரம் சொன்ன பேச்சுக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உண்மை தெரிந்துகொண்ட
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஈயம் வந்து சேர்ந்தார். கன்சோலைத் திறந்தார். "எதைக் கழட்டச் சொல்றீங்க சார்? இதெல்லாம் உங்க பழசுதானே" என்றார். உங்கள் போர்டுகளுக்கு வேண்டிய வோல்டேஜ் நம் கன்சோலில் இல்லையாம், பெட்டி மேலேயே எழுதியிருக்கிறதாம். எட்டையும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, பழையதையே தூசி தட்டி மாட்டினாராம். அன்றைக்கே மூன்று தடவை சொன்னாராம், நானும் மூன்று தடவை "பிரமாதம்" என்றேனாம். ஆக, அந்த வளையலையும் டிரில்லையும் 'பாவ'த்தையும் பழைய பிரீஆம்ப்பிலேயே, என் சொந்தக் காதால் கேட்டிருக்கிறேன். என் காதுக்கு ஒரு குறையும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? காது டாக்டருக்குப் போன் செய்து திங்கட்கிழமை வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ட்ரெபிள் குமிழையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். இப்போது உங்கள் தங்கை கதவருகில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். என்ன என்று தெரியவில்லை. "பிரமாதம்" என்று சொல்லியிருக்கிறேன்.