ஆள் வந்தால் சின்ன வால்வு

அன்பையும் அதட்டலையும் ஒரே கரண்டியால் பரிமாறும் அக்காவுக்கு, ஐம்பத்திரண்டு வயதாகியும் உன் வாயால் "டேய்" பட்டம் இழக்காத தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம், என் ரத்தக் கொதிப்பும் நலம். உன் முழங்கால், அத்தானின் குறட்டை ஆகியோரின் நலமறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா யாருடா வந்து தூக்குவா? மாடி ரூம் சும்மாதானே கிடக்கு, வந்துடேன்" என்று. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பதிலை எழுத்திலேயே தருகிறேன்: வர முடியாது, வேலை.

பார்ப்பவர்களிடமெல்லாம் என் வேலையை அத்தான் இன்றுவரை "குழாய் ரிப்பேர்" என்றே சொல்லி வருகிறார். அவருக்காக ஒருமுறை விளக்குகிறேன். ரசாயனத் தொட்டியைச் சுற்றித் தீப்பிடித்தால் உள்ளே இருப்பது கொதித்து ஆவியாகும், ஆவி வெளியேறாவிட்டால் தொட்டி வெடிக்கும், வழிவிடும் வால்வு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுபவன் நான். அந்தக் கணக்கில் இரண்டு எண்கள் உண்டு. சிந்தியது ஓடிப்போக நல்ல வடிகாலும், உடனே வந்து அணைக்க ஆட்களும் இருந்தால் சின்ன எண், சின்ன வால்வு போதும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான பெரிய எண், பெரிய வால்வு. வரைபடத்தில் அழகான வடிகாலைப் பார்த்து, உன் தம்பி நாற்காலியை விட்டு எழாமலே சின்ன எண்ணைப் போட்டு, மூன்று மாதம் முன்பே கையெழுத்தும் போட்டுவிட்டான். போன வாரம் தொழிற்சாலைக்கு நேரில் போனால் வடிகாலைக் காணோம்! மேலே சிமெண்ட் பூசி, பெஞ்சும் போட்டிருக்கிறார்கள். "நாத்தம் தாங்கலை சார், அடைச்சுட்டோம். உக்காருங்க, டீ சாப்பிடுங்க" என்றார் சூப்பர்வைசர். என்னை உட்காரச் சொல்லி ஒருவர் பேசிப் பதினொரு நாள் ஆகியிருந்ததால், என் தப்பின் மேலேயே உட்கார்ந்து இரண்டு டீ குடித்தேன்.

"வேணும்னா உடைச்சுடறோம் சார்" என்றார் அவர். சரி, வடிகால் திறந்தாலும் ஆட்கள் என்ற இன்னொரு நிபந்தனையும் தேற வேண்டுமே என்று தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். "எங்க சார் தீ?" "இன்னும் பிடிக்கலை." "எப்ப பிடிக்கும்?" "பிடிச்சா எவ்வளவு நேரத்துல வருவீங்க?" "இருக்கிற டிராஃபிக்ல நாப்பது நிமிஷம் ஆகும். ஏன் சார், வீட்ல பேச யாரும் இல்லையா?" என்றாரே பார்க்கலாம்! அப்புறம் அவர் மகளின் கணக்கு மார்க், மாமியாரின் பிடிவாதம் என்று அரை மணி நேரம் போயிற்று. மறுநாளும் கூப்பிட்டேன், சரிபார்க்க என்று பொய் சொல்லி.

பெரிய எண்ணைப் போட்டுப் பார்த்தேன், மாட்டிய வால்வு போதவில்லை. மேனேஜரிடம் போய் ஒப்புக்கொண்டேன். "மூணு மாசமா எங்க சார் இருந்தீங்க?" என்றார். "என் நாற்காலியிலதான்" என்றேன். திட்டிக்கொண்டே தொட்டியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார், நல்ல மனிதர். அன்றிலிருந்து எதையும் நேரில் சோதிக்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

ஆகவே அக்கா, இவ்வளவு பொறுப்புள்ளவன் எப்படி வருவான்? என்னை யார் தூக்குவார்கள் என்ற கவலையை விடு. கீழ்வீட்டு பேங்க் தம்பதி இருக்கிறார்கள், எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா இருக்கிறார். ஒரு சத்தம் போதும், ஓடி வருவார்கள். மாடி அறையை நல்லவர் யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடு. அத்தானுக்கு என் வணக்கத்தை அவர் விழித்திருக்கும்போது சொல். பிள்ளைகள் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
எந்தக் குறையும் இல்லாத உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன், "ஓடி வருவார்கள்" என்ற வரியையும் சோதித்துவிடலாம் என்று தோன்றியது. இன்று விடுமுறை. இரண்டு வீட்டு வாசலிலும் செருப்பு எண்ணிப் பார்த்தேன், எல்லோரும் உள்ளேதான். பத்தேகாலுக்குப் பெரிய அண்டாவைப் பாத்ரூமில் போட்டு, "ஐயோ" என்றும் கத்திவிட்டு, கடிகாரத்தோடு ஈரத் தரையில் உட்கார்ந்தேன். கீழ்வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். பதினொன்றுக்கு எழுந்துவிட்டேன்.

மாடி அறையை யாருக்கும் விட்டுவிடாதே. கணக்கை எங்கிருந்தும் போடலாம். சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம், வண்டி பிடித்து வந்துவிடுவேன்.

இல்லை, நீ வா.