பாஸ் ஆனது துணி அல்ல, நான்

பயம் வந்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். பயம் வராத நேரமும் குறைவுதான். பல்லி, முதலாளி, கொண்டை ஊசி வளைவு, எதுவானாலும் போதும். இந்த லட்சணத்தில், அடிவாரத்துக்குப் பக்கத்தில் துணிக்குக் கரிப்பூச்சு பூசும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

காபித் தோல் தூசியை உறிஞ்சும் மெஷினுக்குள் துணிப்பை ஒன்று இருக்கும். தூசி உரச உரச அதில் மின்சாரம் சேரும். ஒரு பொறி பறந்தால் தூசி குப்பென்று பற்றிக்கொள்ளும். கரி பூசிய துணி அந்த மின்சாரத்தைத் தரைக்குக் கடத்திவிடும். கரிக் கலவையைக் கலக்குவதும், பூசிய துணி மின்சாரத்தைக் கடத்துகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பதும் என் வேலை. நான் பார்த்த துணியெல்லாம் பாஸ். (முதலாளி பின்னால் நின்றால் இன்னும் அமோகமாகப் பாஸ்!)

மலைமேல் நாகலூர் காபி எஸ்டேட்டுக்கு முதல் பை போனது. மாட்டி ஓட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். மறுவாரம் அடுத்த பைக்கான துணியோடு என்னை பஸ் ஏற்றினார்கள். வளைவுக்கு வளைவு கும்பிட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சூசை துணியை மேசையில் விரித்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் அவரே வைத்தார். மின்சாரம் கடந்தால் வர வேண்டிய எண் வரவில்லை.

"ஏங்கண்ணு, மீட்டரு செத்துப்போச்சா?"

நான் வாங்கி வைத்தேன். அழகாக எண் வந்தது. அவர் வைத்தார், வரவில்லை. மறுபடி நான் வைத்தேன், வந்தது! அவர் என் விரல்களையே பார்த்தார். பதற்றத்தில் முனைகளின் இரும்பையே இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"துணிய உட்டுப்போட்டு சும்மா ரெண்டு முனையையும் புடி பாக்கலாம்."

பிடித்தேன். துணியே இல்லாமல் அதே எண்.

"கரண்டு துணியில போவுல கண்ணு, உன்ற மேலதான் போவுது. கையி நொம்ப வேர்த்திருக்குது!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தூசி உறிஞ்சும் மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"ஐயா, நிறுத்துங்க! உள்ள இருக்கற பையும் நான் பாஸ் பண்ணதுதானுங்க!"

சிரிப்பு சட்டென்று நின்றது. இருவரும் ஓடினோம். மெஷினுக்குப் பக்கத்தில் நான்கு பெண்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ரைட்டர் சுவிட்சை அணைத்தார். இரைச்சல் அடங்கும்வரை வெடிக்கும் சத்தத்துக்காகக் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. தோல் குவியலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

கலவை மெஷினின் சத்தத்துக்குப் பயந்து நான் பாதியிலேயே நிறுத்திவந்த விஷயமும் அப்புறம் வெளியே வந்தது. கரியெல்லாம் அடியில் தங்க, துணிக்கு வெறும் கறுப்பு நிறம்தான் ஏறியிருந்தது.

வேலை போகவில்லை. "பயந்த புள்ளைங்கறதால சொல்லிப்போட்டுதுங்க. தைரியசாலியா இருந்தா மூடி மறைச்சிருக்கும்" என்று ரைட்டர் முதலாளியிடம் சொன்னாராம்.

இன்றும் எங்கள் கம்பெனியில் மீட்டர் முனையைக் கையால் தொட யாருக்கும் அனுமதி இல்லை. கிளிப் மாட்டித்தான் பார்க்க வேண்டும். அந்தக் கிளிப்புக்கு என் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் இதைச் சொன்னது அடுத்த தப்பு. மத்தியானம் மின்விசிறி நின்றால் போதும், என் மகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

"அம்மா, கொஞ்சம் பயப்படும்மா. கரண்டு வரட்டும்."